நெடுங்கல் கோட்டானும் ஒரு திருத்தமும்

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் என் அச்சகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கல்யாணப் பத்திரிகைக்காக வருகிறவர்கள், மீதிப்பேர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக வருகிறவர்கள். மலைமேல் முருகன் சந்நிதியில் தாலி கட்டும் கூட்டம் இருக்கும்வரை எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் கேட்காத மூன்றாவது வேலை ஒன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 'ஓரச்சீட்டு' என்று ஒரு கவிதைப் பத்திரிகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், முகூர்த்த மாதமாக இருந்தால் வராது. அதில் எழுதுகிறவர்கள் அவரவர் கவிதையை மட்டும் படிப்பார்கள். மற்றவர்கள் அதையும் படிப்பதில்லை.

ஒரே ஒருவன் மட்டும் அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பான். அவன் பெயர் பாலமுருகன். ஆர்.கே.பேட்டைக்குப் போகும் வழியில் நெடுங்கல் என்ற ஊரில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். அப்படி ஒருவன் ஒழுங்காகப் படித்துத் தொலைத்ததால்தான் ஒரு குன்றே போக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மணியம்மை யாரென்று சொல்லிவிடுகிறேன்.

மணியம்மையும் நெடுங்கல்காரிதான். அவளுடைய அப்பா தங்கவேல் கூலிவேலை செய்கிறவர், பாலமுருகன் வீட்டு நிலத்தில் பல வருஷம் கரும்பு வெட்டியவர். கறுப்புச் சட்டைக்காரர். சாமி, சகுனம், நல்ல நேரம் எதுவும் அவரிடம் செல்லாது. ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் கோட்டான் கத்தினால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். இவர் மட்டும், "கோட்டான் கத்துனா கோட்டானுக்குப் பசின்னு அர்த்தம், வேற இன்னா" என்று பீடியைப் பற்றவைப்பார். அது பசிதானா என்று பார்க்கப் போன பெண்தான் மணியம்மை. வயது முப்பதைத் தாண்டியும் இன்னும் பார்த்து முடியவில்லை.

லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய்வந்து விலங்கியலில் முதுகலை படித்தாள். கவிதை எழுத ஆரம்பித்ததும் அந்த ரயிலில்தான். இப்போது பறவைகளுக்கான ஓர் அறக்கட்டளையில் கள ஆய்வாளர் வேலை. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைவரை உள்ள கல்லுமலைகளில் கோட்டான்கள் எங்கே இருக்கின்றன, என்ன தின்கின்றன, குஞ்சுகள் பிழைக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களிடம் தங்கவேல் இதை ஒளிக்காமல் சொல்வார். "பொழுது சாஞ்சா மலைக்குப் போவா. விடிஞ்சா கோட்டான் கக்குனதப் பொறுக்கிகினு வருவா." வந்தவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பியிருக்கிறார்கள்.

கக்குவது உண்மை. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக வெளியே தள்ளிவிடும். என் மேஜையில் மஞ்சள் தடவி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைமேல் அந்த உருண்டைகளைப் பரப்பி வைத்து, "பாருக்கா, ஒரே உருண்டையில எத்தினி எலி மண்டை" என்று காட்டினவள் அவள். பத்திரிகைக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நான் பட்ட பாட்டை இங்கே எழுத இடமில்லை.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, கோட்டான் முட்டையிடும் இடத்தை யாரிடமும் சொல்லமாட்டாள். கோட்டான் கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும், கை எட்டினால் எடுத்துக்கொள்ளலாம். அதனால் தடம் விழாமல் இருக்க தினமும் வேறு வேறு வழியில் ஏறுவாள். பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள். பெற்ற அப்பாவுக்கே இடம் தெரியாது.

இன்னொன்று, கவிதையில் தப்பான சங்கதி வரக்கூடாது. ஒருமுறை 'மாசிப் பனியில் குஞ்சு' என்று அவள் எழுதியதை, ஆடிக் கிருத்திகை இதழாயிற்றே என்று நான் 'ஆடிக் காற்றில் குஞ்சு' என்று மாற்றிவிட்டேன். காதுக்கும் நன்றாகத்தான் இருந்தது. காவடிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "ஆடியில அதுக்குக் குஞ்சே கெடையாதுக்கா. இத்தப் படிக்கிறவன் என்ன நம்புவானா?" என்றாள். அத்தனை பிரதியிலும் 'மாசி' என்று சீட்டு அச்சடித்து ஒட்ட வைத்துவிட்டுத்தான் போனாள். என் விரல் நுனியில் பசை போகவே இல்லை. பாலமுருகனுக்குப் போன பிரதியிலும் அந்தச் சீட்டு இருந்தது, அவன் போன் செய்து விசாரித்தான். நடந்ததைச் சொன்னேன். "மணி அப்படித்தான். ஸ்கூல்லயே அப்படி" என்று சிரித்தான். இருவரும் ஆர்.கே.பேட்டைப் பள்ளியில் ஒரே வகுப்பு.

அப்படிப்பட்டவள்தான் போன தீபாவளிக்கு முன்னால் இந்தக் கவிதையைக் கொண்டுவந்து கொடுத்தாள்:

குன்று காலியாகிவிட்டது.
கூப்பிட்டவன் போய்விட்டான்.
இனி நெடுங்கல்லின் இருட்டுக்கு
யார் பதில் சொல்வது?

இரண்டு முறை படித்தேன். "எப்பம்மா போச்சு?" என்று கேட்டேன். "போடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். இதழ் வந்ததும், தன் கவிதையைத் தானே யாருக்கும் காட்டாதவள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது ஆர்.கே.பேட்டை, கனகம்மாசத்திரம் என்று சுற்றியது. பரவாயில்லை, பெண்ணுக்குப் புகழாசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் வேறு. தீபாவளி நெருங்கினால் கோட்டானுக்கு விலை கூடும். மாந்திரீகம் செய்கிறேன் என்று சொல்லித் திரிகிற பாவிகள் அதைப் பலி கொடுக்கத் தேடுவார்கள். அந்த வருஷம் பைக்கில் இரண்டு பேர் வந்து நெடுங்கல்லில் ஆடு மேய்க்கிறவர்களிடம், கோட்டான் எங்கே உட்காருகிறது, காட்டினால் கவனிக்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். வனத்துறைக்கு மணியம்மை சொல்லிவிட்டாள். ஆனால் குன்றுக்குக் காவல் போட முடியுமா? கோட்டானே போய்விட்டது என்று ஊர் நம்பினால் தேடுகிறவனும் போய்விடுவான் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பவில்லை. பைக் திரும்பி வரவில்லை. கோட்டான் ஜோடியாகவே இருந்தது, தை பிறந்ததும் அதே விளிம்பில் முட்டையிட்டது.

பொங்கல் கழிந்த கையோடு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். நெடுங்கல் குன்றின் தென்புறத்தில் கல்குவாரி தொடங்க அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று. மனு போட்டவர் பெயர் பாலமுருகன். குன்றின் அந்தப் பக்கம் அவர்கள் பட்டா நிலம்தான். கோட்டான் முட்டைமேல் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணியம்மை கூப்பிட்டதால் கடையைச் சாத்திவிட்டு டவுன்பஸ் பிடித்துப் போனேன். மேடையில் வருவாய்த்துறை அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். மணியம்மை எழுந்து, அந்தக் குன்றில் கோட்டான் குடும்பம் இருக்கிறது, வெடி வைத்தால் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், சட்டப்படி அது காக்க வேண்டிய பறவை என்று திருத்தமாகச் சொன்னாள். படங்கள் காட்டினாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பாலமுருகன் எழுந்தான். கையில் 'ஓரச்சீட்டு'. என் பத்திரிகையை ஒருவன் பொது இடத்தில் கையில் பிடித்து நான் பார்த்ததே அதுதான் முதல்முறை, அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"மேடம், இது இவங்களே எழுதுனது" என்று சொல்லி நிதானமாக வாசித்தான். பாவி, நன்றாகவும் வாசித்தான். வாசித்து முடித்ததும் இதழை மூடினான். "கோட்டான் போயிடுச்சின்னு தீபாவளிக்கு ஊருக்கே சொன்னாங்க. இன்னிக்கு இருக்குதுன்றாங்க. படம் எந்த மலையில எடுத்ததோ யாருக்குத் தெரியும்?"

அதிகாரியம்மா மணியம்மையைப் பார்த்தார். "இதுல எது உண்மை?"

"இன்னிக்குச் சொல்றது உண்மைங்க மேடம். கவித பொய்."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "தெரிஞ்சே எழுதுன பொய்" என்று அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள். கோட்டான் பிடிக்க வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்க வார்த்தையை மட்டும் வெச்சு நான் எதுவும் எழுத முடியாதும்மா. முட்டை பொரிஞ்சதும் ஒரு சாயங்காலம் நேர்ல வர்றேன். எனக்குக் காட்டுங்க. ஊர்க்காரங்களும் மனுதாரரும் கூட இருக்கணும்" என்றார். அதைவிட நியாயமாக யாரும் பேசியிருக்க முடியாது. ஆனால் மணியம்மை முகம் வெளுத்துவிட்டது. ஊர் முழுக்கக் கூட்டி வைத்து அந்த விளிம்பைக் காட்ட வேண்டும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் பாலமுருகன் எங்களிடம் வந்தான். பள்ளியில் வா போ என்று பேசிக்கொண்டவர்கள். பெரியவர்களானதும் இவள் 'நீங்க'வுக்கு மாறிவிட்டாள், அவன் மாறவில்லை.

"மூணு வருசமா குவாரிக்குக் கேட்டுகினு இருக்காங்க மணி. வெவசாயம் கையக் கடிச்சிடுச்சு, தெரியுமில்ல. அப்பவும் நான் கையெழுத்துப் போடல. ஏன்னு தெரியுமா? நீ அத்தப் பாத்துகினு இருக்கியேன்னுதான். தீபாவளிக்கு உன் கவிதயப் படிச்சேன். அழுவ வந்துடுச்சு. சரி, அதே போயிடுச்சு, இனிமே இந்தக் கல்ல வெச்சிகினு இன்னா பண்றதுன்னு போட்டேன்." அவன் குரலில் கோபத்தைவிட வலிதான் தெரிந்தது. "நியூஸ்ல பொய் வரும், ஓட்டுக் கேக்குறவன் பொய் சொல்வான். ஒரு எழுத்து தப்புன்னு சீட்டு ஒட்ட வெச்சவ நீ. உன் கவிதையில பொய் வரும்னு நான் எப்படி நெனைப்பேன்?"

பஸ் வந்தது, ஏறினோம். மணியம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். பைக்கில் வந்தவர்களை ஏமாற்ற நினைத்தாள். ஏமாந்தது, அவளை எழுத்தெழுத்தாக நம்பிய ஒரே வாசகன். எனக்கு அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, அவளைத் திட்டவும் மனம் வரவில்லை.

ஊர் வரும்போது திரும்பினாள். "அக்கா, ரகசியமா வெச்சாத்தான அத்த ஒருத்தன் விக்க முடியும்? ஊருக்கே தெரிஞ்சதக் காசு குடுத்து எவன் கேப்பான்? நானே எல்லா வீட்டுலயும் சொல்லிடப் போறேன்."

தங்கவேல் கேட்டதும் குதித்தார். "நீ சொன்னா ஆளுக்கு ஒரு கல்ல எடுத்துகினு ஏறுவாங்க. இந்த ஊர எனக்குத் தெரியும்."

"நீங்க கறுப்புச் சட்ட போட்டுகினு வீடுவீடா நோட்டீஸ் குடுத்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க நைனா. நிறுத்துனீங்களா?"

மறுநாள் மகளோடு அவரும் கிளம்பினார்.

அந்த மாதம் முழுவதும் மணியம்மை தெருத்தெருவாகப் போனாள். காலையில் குன்று, பகலில் வீடுகள். கக்கல் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, நெல் போட்டவர்கள், வேர்க்கடலை போட்டவர்கள் உள்ளங்கையில் எலி மண்டைகளை வைத்தாள். "உங்க வரப்ப ஓட்ட போடுற எலிங்க இது. விஷம் வாங்கி வெச்சாலும் தீராது. இது சும்மா தின்னுட்டுப் போவுது" என்றாள். சிலர் ஆர்வமாகக் கேட்டார்கள். சிலர் அந்தப் பெயரையே வாசலில் சொல்லாதே என்று தண்ணீர் தெளித்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த நாள் அதே வீட்டுக்குத் திரும்பப் போனாள், நாய்க்கு ரொட்டியோடு.

பாலமுருகன் வீட்டுக்கும் போனாள். நானும் கூட இருந்தேன். அவன் இல்லை, அவன் அம்மா கௌரியம்மாள் இருந்தார். கதவுக்கு உள்ளே நின்றே பேசினார்.

"அத்தப் பத்தி எங்கிட்டப் பேசாதம்மா. அது கத்துன அன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு. என் காதால கேட்டேன்."

மணியம்மை படியில் நின்றே பதில் சொன்னாள். "அது தெனமும்தாம்மா கத்துது. அவரு நல்லா இருந்த நாள்லயும் கத்துச்சு. நீங்க தூங்கிட்டீங்க. அன்னிக்கு முழிச்சிகினு இருந்தீங்க, கேட்டீங்க."

கௌரியம்மாள் கதவைச் சாத்தவில்லை. திறந்து வரச் சொல்லவும் இல்லை. நாங்கள் படி இறங்கி நடந்தோம்.

மாசியில் முட்டை பொரிந்தது. அதிகாரியம்மா சொன்னபடி வந்தார். குன்றடியில் பாதி ஊர் திரண்டிருந்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குரலை அடக்கச் சொல்லி, வாழ்நாளில் யாருக்கும் காட்டாத அந்த விளிம்பை மணியம்மை கை நீட்டிக் காட்டினாள்.

விளிம்பில் ஒன்றும் தெரியவில்லை. பாறைக்கும் பறவைக்கும் ஒரே நிறம், குஞ்சுகள் உள்ளே ஒண்டிக்கொண்டிருக்கும் என்றாள். சூரியன் விழுந்தது. வழக்கமாகக் கூப்பிடும் நேரம் வந்தது, போனது. இத்தனை கூட்டத்தைப் பார்த்து எந்தக் கோட்டான் வாய் திறக்கும்? பின்னால் ஒருவன், "கோட்டானும் கவிதையில மட்டும்தான் கத்தும்போல" என்றான். சிரித்தார்கள். அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அவள் செல்போனில் கோட்டான் குரல் பதிவாகி இருக்கிறது. அதைப் போட்டால், வேறொருவன் தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று நினைத்து இது எழுந்து பதில் கொடுக்கும். அவள் காதருகே போய், "போடேன்மா" என்று கெஞ்சினேன்.

"மாட்டேங்கா. தாய் பதறி எழுந்தா குஞ்சு விளிம்புல இருந்து விழுந்துடும்."

"குன்றே போவப் போவுதே மணி."

"ஒரு பொய்க்கே இத்தினி பாடு. இன்னொரு பொய்க் குரல நான் எழுப்பமாட்டேன்." அதைச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் காலை அகட்டி ஊன்றி நின்ற இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

எல்லோரும் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலமுருகன் ஒருவன்தான் எங்களுக்கு முதுகு காட்டி, தன் வயலைப் பார்த்து நின்றிருந்தான். மேலே பார்க்க அவனுக்கு மனம் இல்லை என்று நினைத்தேன். அதிகாரியம்மா டிரைவருக்குக் கை காட்டினார், ஜீப் விளக்கு எரிந்தது. அப்போதுதான் அவன் குரல் கேட்டது.

"மேடம். அங்க பாக்காதீங்க. இங்க."

அவன் வயலில் இருக்கும் மோட்டார் ரூம் கூரைமேல் அது உட்கார்ந்திருந்தது. இரண்டு கொம்பு மாதிரி இறகு தூக்கி, காலில் எலியைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சும்மா இருந்திருந்தால் ஜீப் போயிருக்கும், குவாரி வந்திருக்கும்.

"இருக்குதுங்க மேடம். ஆண். குஞ்சுக்கு எர எடுத்துகினு வந்திருக்குது" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம வயல் எலிதான்" என்றும் சொன்னான்.

அது எழும்பியது. இறக்கை அடிக்கும் சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்குமேல் கடந்து நேராக அந்த விளிம்பில் போய் இறங்கியது. உள்ளிருந்து சீறுகிற மாதிரி ஒரு சத்தம், குஞ்சுகள் இரை கேட்டன. சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கௌரியம்மாள் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

குவாரி மனு தள்ளுபடியானது. அதற்கு முன்னாலேயே பாலமுருகன் தானாகத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. ஒரு நாள் கடைக்கு வந்தான்.

"சந்தாவ நிறுத்திடுங்கக்கா. கோவம்லாம் இல்ல. முன்ன மாதிரி படிக்க முடியல. ஒவ்வொரு வரிக்கும் இது நெசமா, இல்லையான்னு தோணுது."

எனக்கு இருந்த ஒரே வாசகனும் போனான். மணியம்மைக்குப் போன் செய்து சொன்னேன். அவள் மறுநாளே ரயிலடியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "அடுத்த இதழ்ல மொதப் பக்கத்துல போடணும்." படித்துவிட்டு நான் சண்டை போட்டேன். கவிதைக்கு யாராவது திருத்தம் போடுவார்களா, கவிதை என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், நாலு பேர் சிரிப்பார்கள் என்றேன். "சிரிக்கட்டும்" என்றாள். அவளோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யார்? போட்டேன்.

'சென்ற தீபாவளி இதழில் வெளியான என் கவிதையில், நெடுங்கல் குன்றிலிருந்து கோட்டான் போய்விட்டதாக எழுதியிருந்தேன். அது உண்மையல்ல. போகவில்லை. இருக்கிறது. நம்பி வாசித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மணியம்மை.'

சந்தா இல்லாவிட்டாலும் ஒரு பிரதியைப் பாலமுருகனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் நடுவில் வந்து நின்றான். கையில் இதழ் சுருட்டியிருந்தது.

"குஞ்சு எப்படி இருக்குதாம்?"

"எங்கிட்டக் கேட்டா? அவகிட்டக் கேளு" என்று என் போனிலேயே அவளைப் பிடித்துக் கொடுத்தேன். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். பெற்ற அப்பாவுக்கே சொல்லாதவள், அந்தப் பக்கம் விடாமல் பேசினாள். அவன் ஒவ்வொன்றையும் தனக்குத்தானே திரும்பச் சொல்லிக்கொண்டான். "ரெண்டும் நல்லாருக்குதா... ஆங்... பெருசு விளிம்பு வரைக்கும் நடந்து வருதா... இன்னும் பறக்கல... மோட்டார் ரூம் மேல லைட்டு வேணாமா? சரி, இன்னிக்கே கழட்டிடுறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மீதிப் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தான். சந்தாவை நிறுத்துவதைப் பற்றி அதன்பிறகு அவன் பேசவில்லை.